டாய்வோவின் டிரெய்லரில் குடியிருந்தவள்

கார்லீன் நீமி எங்கள் கடைக்கு முதன்முதலாக வந்தது ஏப்ரலில், பனி உருகிச் சாலையெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு நாளில். பிளைவுட் கேட்டாள். எதற்கு என்றேன்.

"தரைக்கு. குளியலறையில கால் வச்சேன், முழங்கால் வரைக்கும் கீழ போயிடுச்சு."

சொல்லும்போதே கடைக்குள் நடந்துகொண்டிருந்தாள். ஆணிப் பெட்டியைத் திறந்து பார்த்தாள், மூடினாள். ஒரு சுத்தியலைக் கையில் தூக்கிப் பார்த்து வைத்தாள். ஐம்பதைத் தாண்டியவள், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அவள் ஒரே இடத்தில் நின்று நான் பார்த்ததே இல்லை.

அவளுடைய மாமா டாய்வோ ஏரிக்குப் போகும் மண்சாலையில் ஒரு பழைய டிரெய்லரில், வண்டியில் இழுத்து வந்து நிறுத்தும் நீளமான தகர வீட்டில், தனியாக இருந்தவர். அதற்கு முந்தின வருடம் மார்ச்சில் ஆம்புலன்ஸில் போனார், திரும்பவில்லை. இடத்தையும் டிரெய்லரையும் கார்லீன் பேருக்கு விட்டுவிட்டுப் போயிருந்தார். அதுவரை அவள் பேரில் எதுவுமே இருந்ததில்லை. மணவாழ்க்கை முழுக்கப் புருஷன் வீடு. அது முறிந்த பிறகு அக்கா பெவர்லி வீட்டின் பின்னறை. பெவ் நல்லவள்தான். ஆனால் அந்த வீட்டில் பாத்திரம் எந்தத் தட்டில் இருக்க வேண்டும், கதவை எப்படிச் சாத்த வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் பெவ்வுக்கு ஒரு வழி உண்டு. ஜனவரியில் ஏதோ ஒரு காபிக் கோப்பைக்காக வாய்த்தகராறு. கார்லீன் போர்வைகளையும் குளிர்காய ஒரு மண்ணெண்ணெய் அடுப்பையும் தூக்கிக்கொண்டு டிரெய்லருக்குப் போய்விட்டாள்.

அங்கே கரண்ட் இல்லை. மாமா போனதுமே இணைப்பைத் துண்டித்திருந்தார்கள். மண்சாலையில் பனி அள்ளுவதும் இல்லை. காரைப் பெரிய சாலையிலேயே நிறுத்திவிட்டு மரங்களுக்கு ஊடாக நடந்து வருவாள். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் பலகை கொண்டுபோய் இறக்கியபோது டிரெய்லரை உரித்துப் போட்டிருந்தாள். தரைப்பலகை தண்ணீரில் ஊறிய ரொட்டி மாதிரி பொங்கிக் கிடந்தது. டிரெய்லரின் அடியில் இழுத்துக் கட்டிய துணி கிழிந்து, குளிருக்கு வைத்த பஞ்சுக்குள் எலிகள் குடும்பம் நடத்தியிருந்தன. கூரையில் ஒவ்வொரு மூட்டும் ஒழுக்கு. ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவுவாள். சமையல் மூலையில் சுவரைப் பிரித்திருப்பாள். தேடிப் போனால், கூரையில் தார் பூசிக்கொண்டிருப்பாள்.

"ஒண்ண முடிச்சிட்டு ஒண்ணு செய்யேன்" என்றேன்.

"உக்காந்து யோசிச்சா பயம் வருது. கை வேலையா இருந்தா வரல" என்றாள்.

மே மாதம் ஊர்மன்றத்தின் நில விதி அதிகாரி மெரில் வந்தார். கெட்டவர் இல்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டுதான் பேசினார்.

"கார்லீன், ஒரு புகார் வந்திருக்கு. இந்த மாதிரி அந்தக் காலத்து டிரெய்லரை நம்ம ஊர் எல்லைக்குள்ள புதுசா வைக்க முடியாது. ஏற்கெனவே இருக்கறது இருக்கலாம். ஆனா ஒரு வருஷம் ஆள் இல்லாம காலியா கிடந்தா அந்த உரிமை போயிடும். அப்புறம் இழுத்துட்டுத்தான் போகணும்."

"காலியா கிடக்கல. ஜனவரியிலேருந்து நான் இருக்கேன்."

"மார்ச்சுல நான் இந்தப் பக்கம் வந்தேன். டயர் தடம் இல்ல, விளக்கு இல்ல. பனிகூட அள்ளல. யாராவது பாத்தாங்களா உன்ன?"

காட்ட ரசீதோ கடிதமோ அவளிடம் இல்லை. மண்ணெண்ணெய் பக்கத்து ஊரில் வாங்கியது. தபால் எல்லாம் பெவ் வீட்டுக்கே போய்க்கொண்டிருந்தது. என்னைக் கேட்டால் ஏப்ரலுக்குத்தான் என்னால் சாட்சி சொல்ல முடியும். அதற்குள் வருடம் தாண்டிவிட்டது. மேல்முறையீட்டுக் குழு ஜூனில் கூடும், அங்கே வந்து சொல், அதுவரை வேலையை நிறுத்து என்று சொல்லிவிட்டு மெரில் போனார்.

வேலையை நிறுத்து என்றதுதான் அவளைக் கொன்றது. தரை பாதி, சுவர் பாதி என்று கிடக்க, கையைக் கட்டிக்கொண்டு அவளால் எப்படி இருக்க முடியும்? மண்சாலையில் மேலும் கீழுமாக நடந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் என் கடைக்கு வந்து ஒன்றும் வாங்காமல் சுற்றினாள். புகார் கொடுத்தது ஏரிக்கரையில் புது வீடு கட்டி, கோடைக்கு மட்டும் வந்து தங்கும் வெளியூர் ஆட்கள்தான் என்று முடிவே கட்டிவிட்டாள். ஒருநாள் அந்த வீட்டு அம்மாள் பெயின்ட் வாங்க வந்தபோது, "நல்லாப் பூசுங்க, என் வீட்ட இழுத்துட்டுப் போனா உங்க வீடு இன்னும் எடுப்பாத் தெரியும்" என்றாள். அந்த அம்மாளுக்கு ஒன்றுமே புரியவில்லை. நான் மிச்சச் சில்லறையைக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

குழு கூடிய அன்று ஊர்மன்றக் கூடம் நிரம்பியிருந்தது. தலைவர் ராய்ஸ், வைக்கோல் விவசாயி. கார்லீன் எழுந்து, ஜனவரி முதல் அங்கேதான் இருக்கிறேன் என்றாள். மெரில் தான் பார்த்ததைச் சொன்னார். ராய்ஸ் தாடையைத் தடவினார்.

"நீ சொல்றத நான் நம்பறேன் கார்லீன். ஆனா நான் நம்பினா போதாதே. சரி, இதுல வேற யாராவது பேசணுமா? ஆட்சேபணை இருக்கறவங்க?"

பின்வரிசையில் பெவ் எழுந்தாள்.

"எனக்கு இருக்கு. புகார் குடுத்ததே நான்தான்."

கூடமே திரும்பிப் பார்த்தது. கார்லீன் மட்டும் திரும்பவில்லை. கையில் இருந்த பேனாவின் மூடியைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் அவசர போன் எடுக்கற வேலையில இருந்தவ, உங்க எல்லாருக்கும் தெரியும்" என்றாள் பெவ். "இந்த மாதிரிப் பழைய டிரெய்லர் எரியறத போன்லயே கேட்டிருக்கேன். இங்க வண்டி கிளம்பறதுக்குள்ள அந்தப் பக்கம் சத்தம் நின்னுடும். ஒயரெல்லாம் அந்தக் காலத்து அலுமினியம், சூடேறித் தீப்பிடிக்கும். இவ என்னடான்னா உள்ள மண்ணெண்ணெய் அடுப்ப வச்சுக்கிட்டுத் தூங்கறா! பிப்ரவரி குளிர்ல, வாராவாரம் மான்கறி சூப்பு எடுத்துட்டு அந்தக் காட்டு வழியா நடந்தேன். ஒவ்வொரு தடவையும், வாடி வீட்டுக்குன்னு கெஞ்சினேன். கேக்கல. அதான் ஊர்மன்றத்துக்குப் போன் பண்ணேன்."

ராய்ஸ் முன்னால் சாய்ந்தார். "பெவ், பிப்ரவரின்னா சொன்னே?"

"ஆமா. அதுக்கு முன்னாலயும்தான். ஜனவரியிலயே போயிட்டாளே."

"அங்கேயே தங்கியிருந்தாளா?"

பெவ் வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முகம் சிவந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டிரெய்லர் போயிருக்கும், அவள் நினைத்தது நடந்திருக்கும்.

"தங்கியிருந்தா" என்றாள் பெவ். "ஒவ்வொரு நாளும். நான் பொய் சொல்ல மாட்டேன்." கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

குழு அதிகம் பேசவில்லை. வீடு காலியாக இருக்கவில்லை, உரிமை நிற்கிறது என்று முடிவானது. ஆனால் பெவ் சொன்ன மற்றதையும் அவர்கள் கேட்டிருந்தார்கள். ஒயர் முழுவதும் மாற்ற வேண்டும், பின்பக்கம் ஒரு கதவு வைக்க வேண்டும், காற்றில் புரளாதபடி டிரெய்லரைத் தரையோடு இரும்புப் பட்டை போட்டுக் கட்ட வேண்டும், முதல் பனி விழுவதற்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள்.

ஜெயித்தவள் மாதிரி கார்லீன் இல்லை. மறுநாள் கடையில் நின்று சொன்னாள்: "சாட்சிக்குன்னு பெவ்கிட்ட போய் நிக்கக் கூடாதுன்னு இருந்தேன். அந்தக் கோடைக்கார அம்மாவ நான் என்னவெல்லாம் திட்டினேன்! கடைசில பாத்தா என் கூடப் பொறந்தவ."

"உனக்காகத்தானே செஞ்சா?"

"அதுதான் எரியுது. கெட்டவளா இருந்தா கோபப்பட்டுட்டுப் போயிடலாம்."

கோடை முழுக்க சகோதரிகள் பேசவில்லை. எலக்ட்ரிஷியன் சுவர்களைத் திறந்தபோது, படுக்கைக்குப் பின்னால் ஒரு ஒயர் மாமா காலத்திலேயே கருகிக் கரியாக இருந்ததைக் காட்டினான். வேலையில் ஓடிக்கொண்டே இருப்பவள், அன்று கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்துவிட்டாளாம். அந்தக் கருகிய துண்டை அவனிடம் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நேராக பெவ் வீட்டுக்குப் போனாள்.

என்ன பேசினார்கள் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. கதவைத் திறந்ததும் துண்டை நீட்டி, "நீ சொன்னது சரி" என்றாளாம். "எப்பவும் சரியாத்தான் சொல்வேன்" என்றாளாம் பெவ். "தெரியும். அதான் உன்கூட இருக்க முடியல" என்று இவள். பெவ் சிரித்துவிட்டாளாம். பிறகு இருவரும் அழுதிருக்கிறார்கள்; அதைக் கார்லீன் சொல்லவில்லை, பெவ் சொன்னாள்.

செப்டம்பரில் நான் கூரைத் தகடு கொண்டுபோனபோது ஒரு நுனியைக் கார்லீனும் மறுநுனியைப் பெவ்வும் பிடித்திருந்தார்கள். ஏணி மேலிருந்து பெவ் கட்டளை போட்டுக்கொண்டிருந்தாள். "இடது பக்கம்டி! உனக்கு இடது எது வலது எதுன்னு அறுபதிலயாவது தெரியுமா?"

"எனக்கு இன்னும் அறுபது ஆகல. ஆனா உன்கூட இன்னொரு நாள் இருந்தா ஆயிடும்!"

மெரில் சோதிக்க வந்து படுக்கையறை ஜன்னல் சிறியது, ஆள் வெளியேற முடியாது என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார். கார்லீன் அவர் வண்டி மறைவதற்குள் ரம்பத்தை எடுத்துவிட்டாள். அடுத்த முறை அவரே அந்த ஜன்னல் வழியாக ஏறி வெளியே குதித்துப் பார்த்தார். கால்சட்டை கிழிந்தது, கையெழுத்துப் போட்டார்.

அக்டோபரில் கரண்ட் வந்தது. நானும் போயிருந்தேன். பெவ் புது மேசையில் உட்கார்ந்து காபி குடித்தாள். பாத்திரத் தட்டு தப்பான பக்கத்தில் இருக்கிறது என்றாள். கார்லீன் அதை மாற்றவில்லை. துணியால் மேடையைத் துடைத்தாள், விளக்கைப் போட்டாள், அணைத்தாள், பின்கதவைத் திறந்து பார்த்து மூடினாள்.

"உக்காரேன்டி. உன் வீடுதானே?" என்றாள் பெவ்.

"உக்கார்றேன், உக்கார்றேன்" என்று சொல்லிக்கொண்டே கார்லீன், அடுத்த வருடம் முன்பக்கம் ஒரு தாழ்வாரம் போட எவ்வளவு மரம் ஆகும் என்று என்னிடம் கேட்டாள்.