கட்டையிலிருந்து இறங்கியவள்

ஒன்பது வருஷமாகக் கிளெமென்சியாவின் இரண்டு கால்களும் ஒரு மரக்கட்டைக்குள் இருந்தன. கட்டையைப் பிளந்து, துளை குடைந்து, கால்களை உள்ளே வைத்து மூடி ஆணி அடித்தவன் அவளுடைய தம்பி ரோஃபினுஸ். அடிக்கும்போது அவன் அழுததை அவள் பார்த்தாள். அதற்கு முந்தின நாள், காதுக்குள் யாரோ சொன்னார்கள் என்று அவள் ஊரின் சோளக் களஞ்சியத்துக்குத் தீ வைத்திருந்தாள்.

வீட்டுக்குப் பின்னால், மூங்கில் குடிசையில் அவள் மிதந்துகொண்டிருந்தாள். கட்டை படகானது. இடுக்கு வழியே விழும் வெயில் மெல்லச் சுவரேறும்போது, வெயில் அசையவில்லை, தன் ஊர் இருக்கும் ஃப்ளோரெஸ் தீவேதான் நங்கூரம் அறுந்து போய்க்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றும். காதுக்குள் பேசுகிறவர்கள் எங்கோ கரையில் நின்று அவளைத் திட்டிக்கொண்டே இருப்பார்கள்.

பிறகு சுகாதார நிலையத்து நர்ஸ் அவெலினா வரத் தொடங்கினாள். வியாழக்கிழமைதோறும் ஒரு வாரத்து மாத்திரை கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து பேன் பார்ப்பாள். வாரம் போகப்போகக் கரையில் இருந்தவர்களின் குரல் தேய்ந்தது. மூன்றாம் மாதம் ஒரு காலையில் வெறும் கடல் மட்டும் கேட்டது.

"கட்டைய இன்னிக்கு அறுத்துடலாம்," என்றாள் அவெலினா.

ரோஃபினுஸ் வாசலிலேயே நின்றான். "மறுபடி எதையாவது கொளுத்திட்டா? ஊருக்கு யாரு பதில் சொல்றது?"

"மாத்திரைய நீ வேளைக்குக் குடு. பதில நான் சொல்லிக்கறேன். ஆட்டக்கூட இப்படிக் கட்ட மாட்டியேப்பா."

"கட்டலன்னா அன்னைக்கே வெட்டிப் போட்டிருப்பாங்க சிஸ்டர். உங்களுக்கு என்ன தெரியும்?"

"தம்பி," என்றாள் கிளெமென்சியா.

இருவரும் திரும்பினார்கள்.

"என்னைய யாருமே கேக்கலியே. எனக்கு இறங்கணும்டா."

ரம்பம் போட வெகுநேரம் பிடித்தது. மரத்தூள் மாவுபோல மடியில் கொட்டியது. கட்டை விலகியதும் இரண்டு காய்ந்த குச்சிகள் மடங்கிக் கிடந்தன. "இது யாரோட காலு?" என்று கேட்டாள். ரோஃபினுஸ் அந்தப் பாதங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தேம்பினான்.

"அன்னைக்கும் அழுத, இன்னைக்கும் அழுவுற. போய்த் தேங்காயெண்ணெய் எடுத்துட்டு வாடா."

அவன் தினமும் எண்ணெய் தேய்த்தான். மடங்கியிருந்த முழங்கால் ஒரு விரற்கடை, இன்னொரு விரற்கடை என்று நிமிர்ந்தது. மழை வந்து போனது, சோளம் முற்றியது. ஆகஸ்ட் மாதம் ஒரு காலை, இரண்டு கம்புகளை ஊன்றி, தோளில் சின்ன கேனை மாட்டிக்கொண்டு, அவள் தெருக்குழாய்க்கு நடந்தாள். தரை இன்னும் லேசாக ஆடியது. குழாயடிப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஒதுங்கினார்கள்.

பத்தடி இருக்கும்போது விழுந்தாள். பின்னாலேயே வந்த ரோஃபினுஸ் ஓடிவந்தான்.

"கிட்ட வராத!"

அவன் நின்றுவிட்டான். கையை ஊன்றி, கம்பைப் பிடித்து, மறுபடி சரிந்து, மறுபடி பிடித்து அவள் எழுந்தாள். எவ்வளவு நேரமானது என்று அவளுக்குத் தெரியவில்லை. குழாய் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது.

"பிடிக்கிறதுன்னா பிடி," என்றாள் வரிசையில் முதலாவதாக நின்ற பெனடிக்டா, தன் குடத்தை இழுத்துக்கொண்டு. "எனக்கு வீட்டுல அடுப்பு எரியுது."

கிளெமென்சியா மீதிப் பத்தடியையும் நடந்து, குழாய்க்கு அடியில் கேனை வைத்தாள். அரைக் கேன் நிரம்பியதும் குனிந்து, வாயை நேராகக் குழாயில் வைத்துக் குடித்தாள்.