ஈரச் சட்டை

லிஃப்ட் மெக்கானிக் அழுதால் கண்ணீர் அவர் கண்ணில் வராது, பக்கத்தில் இருப்பவர் கண்ணில்தான் வரும். நாலடி தூரத்துக்குள் யார் இருக்கிறாரோ அவருக்கு; இரண்டு பேர் இருந்தால் கிட்டத்தில் இருப்பவருக்கு. எட்டு வயதிலிருந்தே இப்படித்தான் என்பதால் அவர் இதை ஒரு குறையாக நினைத்ததில்லை. சிலருக்கு இடது கைப் பழக்கம், தனக்கு இது. அவருடைய கல்யாணத்தன்று மணப்பெண் விக்கி விக்கி அழுததைப் பார்த்து, பெண்ணுக்கு இந்தச் சம்பந்தத்தில் இஷ்டமில்லையோ என்று அவளுடைய பெரியப்பா தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். அவளுக்கே காரணம் தெரியவில்லை. வேலையிடத்தில் அவரோடு ஜோடியாக இருந்த வயரிங்காரர், லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டே, "யோவ், காலையில நான் இன்னும் சாப்பிடவே இல்ல. உன் அழுகையை மத்தியானத்துக்குத் தள்ளி வச்சுக்கோ" என்பார். பிறகு வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலைக்கு வர ஆரம்பித்தார்.

பன்னிரண்டு வருஷம் மனைவி அவருக்காக அழுதாள். பால் பாக்கெட் வெட்டும்போது, பிள்ளைக்கு ஷூ மாட்டிவிடும்போது, மாதக் கடைசியில் வங்கி வரிசையில். எதற்கு என்று கேட்டால் அவர், "ஒண்ணுமில்ல" என்பார். ஒருநாள் அவள் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோய் அடுத்த அறையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மறுநாளும் அப்படியே செய்தாள். மூன்றாம் நாள் அவர் மனநல ஆலோசகரைத் தேடிப் போனார்.

ஆலோசகரின் அறை மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. சற்றே கோணலாகப் போட்ட இரண்டு நாற்காலிகள், வந்தவருக்குத் தெரியாமல் ஆலோசகருக்கு மட்டும் தெரியும்படி மாட்டிய கடிகாரம், வந்தவர் கைக்கெட்டும் இடத்தில் ஒரு டிஷ்யூ பெட்டி. முதல் புதன்கிழமை நான்கு மணிக்கு அவர் உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆகும்முன் ஆலோசகரின் கண்கள் வழியத் தொடங்கின. அந்தம்மாள் இருபது வருஷ அனுபவம் உள்ளவர். எதிரில் இருப்பவரின் உணர்ச்சி தன் மேல் தொற்றிக்கொள்வது அவர் தொழிலில் தினப்படி நடப்பது. டிஷ்யூ பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு கேட்டார்:

"இப்ப என் கண்ணுல வருதே, இது உங்க உடம்புல எங்க இருக்கு?"

மெக்கானிக்கை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வெகுநேரம் யோசித்து இரண்டு தோள்களையும் தொட்டுக் காட்டினார். "இங்க. ஜில்லுனு. ஒட்டிக்கிட்ட மாதிரி."

ஒட்டியிருந்தது என்ன என்று கண்டுபிடிக்க ஏழு மாதம் ஆயிற்று. எட்டு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய பள்ளிச் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அப்பா, "சட்டை காஞ்சதும் போட்டுக்கிட்டு வா, கடைக்குப் போலாம்" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினார். அவர் கையில் பெட்டி இருந்ததைப் பையன் பார்த்தான். காயும்வரை பொறுக்காமல் ஈரத்தோடு மாட்டிக்கொண்டு ஓடினான். தெருமுனையில் யாரும் இல்லை. சட்டை உடம்பிலேயே காயும்வரை அங்கேயே நின்றான். அப்பா திரும்பி வரவில்லை. ஆலோசகருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த உணர்ச்சிக்கும் அதை வைத்திருப்பவரே ஒரு பெயர் வைக்க வேண்டும், ஆலோசகர் வைக்க மாட்டார். மெக்கானிக் அதற்கு ஈரச் சட்டை என்று பெயர் வைத்தார். அதன்பின் அறைக்குள் வந்ததும், "இன்னைக்கு ஈரச் சட்டை எப்படி இருக்கு?" என்று அவர் கேட்பதும், "கை மட்டும் காஞ்சிருக்கு" என்று இவர் சொல்வதும் அவர்கள் இருவருக்குள் மட்டும் இருந்த பேச்சு. இரண்டாவது வருஷம் ஒரு புதன்கிழமை மெக்கானிக்கின் இடது கண்ணோரம் ஒரு சொட்டு தேங்கி நின்றது, அவருடைய சொந்தச் சொட்டு. ஜன்னலில் வந்து உட்கார்ந்த குருவி பறந்துவிடக் கூடாதே என்பதுபோல இருவரும் அசையாமல் இருந்தார்கள். அது விழவில்லை. அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ விழுந்துவிடும் என்று இருவருக்கும் தெரிந்தது.

அந்த வார வெள்ளிக்கிழமை மனைவி தனியாக வந்தாள். "வழியறது என் கண்ணுலங்க. எதுக்குன்னு தெரிஞ்சுக்க எனக்கு உரிமை இல்லையா? உங்ககிட்ட சொல்றாரு, எங்கிட்ட சொல்ல மாட்டேங்குறாரு. இனிமே முடியாது. அம்மா வீட்டுக்குப் போறேன்."

அவள் கேட்டது நியாயம்தான். ஆலோசகர், அங்கே பேசியதை வெளியே சொல்ல முடியாது என்றார். குறிப்பேடு பீரோவுக்குள் பூட்டியிருந்தது, சாவி கைப்பையில் இருந்தது. அவள் எழுந்து கதவுவரை போனாள். அப்போதுதான் ஆலோசகர் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னார்: "அவர் அதுக்கு ஈரச் சட்டைன்னு பேர் வச்சிருக்கார். அது வர்றப்போ கொஞ்சம் பக்கத்துல இருங்க, போதும்." நடந்த விஷயத்தில் ஒரு எழுத்தைக்கூடச் சொல்லவில்லை, வெறும் பெயர்தானே என்று அவர் நினைத்தார். அந்தத் தொழிலில் பழுத்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது.

மனைவி அம்மா வீட்டுக்குப் போகவில்லை, அம்மா வீடுதான் இவர்கள் வீட்டுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் அவளுடைய அண்ணன் ரசத்தைப் பிசைந்துகொண்டே, "என்ன மாப்ள, ஈரச் சட்டை காஞ்சுதா இல்லையா? வேணும்னா இஸ்திரி போட்டுடலாம்!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அர்த்தம் தெரியாமலே சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். மெக்கானிக் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் குடித்துவிட்டு, இருந்த இடத்தில் வைத்தார்.

புதன்கிழமை நான்கு மணிக்குச் சரியாக வந்தார். உட்காரவில்லை.

"சொன்னீங்களா?"

"விஷயத்தைச் சொல்லல. பேரை மட்டும்தான் சொன்னேன்."

"பேருதாங்க விஷயம். அப்பா விட்டுட்டுப் போறது ஊர்ல எத்தனையோ பேருக்கு நடக்குது. அந்தப் பேரு மட்டும்தான் என்னோடது."

ஆலோசகர் மன்னிப்புக் கேட்டார். மெக்கானிக் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "லிஃப்ட் நடுவுல நின்னுட்டா உள்ள இருக்கிறவங்ககிட்ட, கதவை இழுக்காதீங்க, நாங்க வந்து திறக்கிறோம்னு சொல்வோம். அதை நம்பித்தான் உள்ளேயே இருப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். ஆலோசகரின் கண்கள் வழிந்தன. நாலடி தாண்டினால் நின்றுவிடும் என்று காத்திருந்தார். மெக்கானிக் முதல் மாடியைத் தாண்டினார், தெருவுக்கு வந்தார், பேருந்து ஏறினார். கண்ணீர் நிற்கவில்லை.

அன்றிலிருந்து மெக்கானிக்கின் பக்கத்தில் யாரும் அழுததில்லை. வயரிங்காரர் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். மனைவி ஒரு மாதம் நிம்மதியாக இருந்துவிட்டு ஆலோசகருக்குப் போன் செய்தாள். "நீங்க சொன்ன மாதிரி பக்கத்துலயே உக்காந்து பாக்குறேங்க. ஒண்ணும் வரல. அவர் எங்க இருக்காருன்னே தெரியல." ஆலோசகர் அப்போது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வருஷங்கள் போயின. மெக்கானிக்கின் அழுகை எங்கிருந்தாலும் ஆலோசகரிடம் வந்து சேர்ந்தது. கண் டாக்டர் இரண்டு முறை சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார், மூன்றாம் முறை எழுதவில்லை. ஒரு திங்கட்கிழமை காய்கறிக் கடையில் தக்காளி பொறுக்கும்போது ஆரம்பித்து மூன்று மணி நேரம் விடாமல் கொட்டியது. மெக்கானிக்கின் அப்பா இறந்துவிட்டார் என்று அப்போதே ஆலோசகர் புரிந்துகொண்டார். அன்று காலை கடிதம் வந்ததென்றும், அவர் படித்து மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனார் என்றும் மனைவி பிற்பாடு சொன்னாள்.

ஆலோசகரின் கட்டடத்துக்கு லிஃப்ட் வைத்தபோது பராமரிப்புக்கு மெக்கானிக்தான் வந்தார். மூன்றாவது மாடியில் கதவு திறந்து ஆலோசகர் நிற்பதைப் பார்த்தார். அந்தக் கன்னங்களில் வழிந்ததை, தொலைந்த தன் சைக்கிளை இன்னொருவர் வீட்டு வாசலில் கண்டவரைப் போலக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "பட்டனை ஒரு தடவை அமுக்கினா போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மாடிக்குப் போனார்.

தங்களுக்காக அழுகிற ஆலோசகர் என்று ஊரில் அவருக்குப் பெயர் பரவிக் கூட்டம் அதிகமாயிற்று. அதை ஏற்றுக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் முதலிலேயே சொல்லிவிடுவார்: "என் கண்ணுல வர்றது உங்களுக்காக இல்ல. இது வேற ஒருத்தரோடது. நீங்க பாட்டுக்குப் பேசுங்க." பெரும்பாலானவர்கள் சரி என்று தலையாட்டிவிட்டுத் தங்கள் கதையைத் தொடங்குவார்கள். சிலர் மட்டும், யாரோடது என்று கேட்பார்கள். ஆலோசகர் டிஷ்யூ பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வார். ஆளைச் சொல்ல மாட்டார், அவர் தொழிலைச் சொல்ல மாட்டார். அந்தப் பேரையும் சொல்ல மாட்டார்.