ஒன்பது மணிப் படத்தில் தெரிந்தது தூசி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. மறைக்க ஒன்றுமில்லை. ஒரு கூட்டத்தில், காட்டுத்தீயின் புகையைச் செயற்கைக்கோள் எடுத்த படத்தைத் திரையில் காட்டினார்கள். புகை பழுப்பாய்க் கடலுக்குள் நீண்டு கிடந்தது. பக்கத்தில் இருந்தவர், "என்ன அழகு!" என்றார். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "எம். புதுப்பட்டிக்கு மேலே கரும்புகை ஒரு பூவைப் போல விரிந்…"

அடித்துவிட்டேன். நானும் அவரைப் போலத்தான் பார்க்கிறேன்.

2

1967, வைகாசி. காலை பத்தரை மணி. எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் மருந்து கலக்கும் ஷெட் பற்றிக்கொண்டது. உள்ளே ஏழு பெண்கள். வேலை நேரத்தில் யாரும் வெளியே போய்விடக் கூடாதென்று பின்கதவில் ஆணியடித்திருந்தார்கள். ஏழு பேரும் அந்தக் கதவடியில்தான் கிடந்தார்கள். அவர்களில் ஒருத்தி மாடத்தி. அவளுடைய அக்கா முருகம்மாள், திருத்தங்கல் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்ப்பவள், கால் மெட்டியை வைத்துத்தான் தங்கையை அடையாளம் சொன்னாள்.

(மெட்டி நல்ல விவரம் என்று ஒரு நண்பர் பாராட்டினார். அவரோடு இப்போது பேசுவதில்லை.)

முதலாளி சொன்னது இது: "மேக்க மலையடிவாரக் காடு விடியக்காலத்துலருந்தே எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. காத்துல பொறி பறந்து வந்து விழுந்திருச்சு. யாரு என்ன செய்ய?"

மலை பதினைந்து மைல் தள்ளி இருக்கிறது. பொறி அம்புட்டுத் தூரம் பறக்குமா என்று கேட்க ஊரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

3

பஸ்ஸில் யாரோ பேப்பரை உரக்கப் படித்ததைக் கேட்டுவிட்டு, முருகம்மாள் விருதுநகரில் காற்றும் மழையும் அளக்கிற ஆபீசுக்குப் போனாள். அங்கே இருந்தவர் லட்சுமிகாந்தம்.

"அய்யா, ஆகாசத்துல ஒண்ணு சுத்திக்கிட்டே படம் புடிக்குதாமே. மேகம், புகை எல்லாம் அதுல தெரியுமாமே. அன்னைக்கு மலையில புகை இருந்துச்சான்னு கேட்டுச் சொல்லுங்க."

அவர் சிரிக்கவில்லை. அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அன்றைக்கே பம்பாய்க்கு எழுதினார். [அந்த நாளில் பம்பாயில் அப்படிப் படம் வாங்கும் கருவி இருந்தது. படம் தபாலில் விருதுநகர் வந்ததும், அந்த ஆபீசும் என் புளுகு.]

பழைய பிரதியில் படம் வந்தது, மலை துல்லியமாய் இருந்தது, முதலாளி தலைகுனிந்தார், பெண்கள் குலவையிட்டார்க…

கிழித்தேன். அந்தக் காலத்துப் படத்தில் ஒரு ஊரே ஒரு புள்ளிக்குள் அடங்கிப்போகும். ஏழு பெண்கள் அதற்கு எங்கே தெரியப்போகிறார்கள்?

4

விசாரணை நாளில் படத்தை மேசையில் விரித்தார்கள். தீ விபத்தன்று காலை ஒன்பது மணிக்கு எடுத்தது. மலையடிவாரத்திலிருந்து கிழக்கே வெளுத்த தீற்றல் ஒன்று தெரிந்தது. விசாரணை அதிகாரி அதில் விரலை வைத்தார்.

"இந்தா இருக்கே புகை."

முருகம்மாள் எழுந்தாள். "அது தூசிங்கய்யா. வைகாசியில மேக்காத்து அடிச்சா காடுகரை மண்ணெல்லாம் எந்திரிச்சு வரும்."

"படத்தைப் பாத்து அது உனக்கு எப்படித் தெரியும்?"

"படத்தப் பாத்து இல்லய்யா. அன்னைக்கு அந்தக் காத்தத் தின்னுக்கிட்டுத்தான் வேலைக்குப் போனேன். புகைன்னா கண்ணு எரியும். தூசின்னா பல்லுல நறநறங்கும்."

அதிகாரி லட்சுமிகாந்தத்தைப் பார்த்தார். முதலாளியும் பார்த்தார்.

"ரெண்டாவும் இருக்கலாம் சார். உறுதியாச் சொல்ல முடியாது."

முருகம்மாள் உட்காரவில்லை. தான் கேட்டு வரவழைத்த சாட்சி தன் கழுத்தையே பிடிக்கிறது.

"சரிங்கய்யா, காடே எரிஞ்சதா இருக்கட்டும். கதவுல ஆணியடிச்சதும் காடுதானா?"

"அது வேற விசயம்மா. உக்காரு."

அறிக்கையில் 'காட்டுத்தீ' என்று ஏறியது.

5

மறுநாள் காலை முருகம்மாள் முதல் பஸ்ஸில் விருதுநகர் வந்து லட்சுமிகாந்தத்தின் முன்னால் நின்றாள்.

"அன்னைக்குக் காலையில நீங்களும் வானத்தப் பாத்திருப்பீகள்ல. என்ன எழுதி வச்சீக?"

அவர் பதிவேட்டைத் திறந்தார். வாசித்தார்: "காலை எட்டரை. மேற்குக் காற்று. தூசி. புகை இல்லை."

"தெரிஞ்சுதான் அப்படிச் சொன்னீகளா?"

"எனக்கு மாத்தல் போட்டுருவாகம்மா. பிள்ளைக படிக்குதுக."

"மாத்தல்ல போனவுக திரும்பி வரலாம்யா."

வெள்ளைத் தாளொன்றை அவர் முன்னால் வைத்தாள். "வாசிச்சத இதுல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க." தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

அவர் எழுதினார், நான்கு வரி. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பேனா நின்றது.

6

அவர் கையெழுத்துப் போட்டதாக ஒரு முடிவு எழுதினேன். வாசித்தவர்கள் நிம்மதியாகக் காப்பி குடித்தார்கள். தாளைக் கசக்கிப் போட்டதாக இன்னொன்று எழுதினேன். "அந்தக் காலம் அப்படி" என்று பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடியும் காப்பி குடித்தார்கள். இரண்டையும் தர மாட்டேன்.

லட்சுமிகாந்தத்தை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டேன். அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். உங்களுக்கும் உத்தியோகம் இருக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். பேனாவில் மை இருக்கிறது. அவள் இன்னும் தரையில்தான் இருக்கிறாள்; உங்கள் கையையே பார்த்துக்கொண்டு.