கோப்பியும் மஞ்சள் மெஷினும்

தங்கராஜு பிஸ்கட் டின்னைத் திறந்ததும் கடைக்காரர் முகம்மது இரண்டடி பின்னால் போனார்.

"என்ன தம்பி இது? செத்த எலியா?"

"கார்ப்பெட்டுண்ணே. எங்க நாய் மூத்திரம் பேஞ்சது. டிவி பெட்டிக்கு அடியில வெட்டிக் கொண்டாந்தேன். எந்த மெஷின் இதைச் சுத்தம் பண்ணுதோ, அதை வாங்கிக்கிறேன்."

"அல்லா! தொழுகைக்குப் போற நேரத்துல நாய் மூத்திரத்த மேசையில வைக்கிறான் பாரு. கீழ எறக்குலா!"

தங்கராஜு டின்னைக் கடைக்கு வெளியே கொண்டுபோனான். முகம்மது கார்ப்பெட் கழுவும் மெஷின்கள் மூன்றைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் வைத்தார்.

"சொல்லிட்டேன், நான் தொட மாட்டேன். நீயே தேய். இன்னொண்ணு, நாய் வீட்டுக்குப் போன மெஷின் திரும்ப என் கடைக்குள்ள வரக்கூடாது. எடுத்தா எடுத்ததுதான்."

அது நியாயம்தான். ஆனால் தங்கராஜுவுக்குத் தப்பு செய்ய இடமில்லை. நாளை ஞாயிறு. நான்கு மணிக்கு வீட்டுக்காரர் விநாசித்தம்பி வருவார். ஹாலில் நாற்றம் இருந்தால் நாய் வெளியே போக வேண்டும், இல்லாவிட்டால் நாயோடு தங்கராஜுவும் மனைவி நவமணியும் போக வேண்டும். அவர்கள் இருக்கும் கெலுகோரில் நாய் வைத்திருப்பவனுக்கு வீடு கொடுக்க வேறு ஆள் கிடையாது. நவமணியின் அக்காவிடம் நாயை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டாயிற்று. அவள் போனையே வைத்துவிட்டாள். மிச்சமிருப்பது நகராட்சியின் நாய் பிடிக்கிற வண்டி.

நாயின் பெயர் கோப்பி. பாயான் லெப்பாஸில் அவன் வேலை பார்த்த ஃபேக்டரி வாசலில் காவல்காரர்கள் போட்ட சோற்றில் வளர்ந்தது. ஆறு வருஷம் இரவு ஷிஃப்ட் பார்த்த தங்கராஜு, மூன்று மாதத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் இனி முடியாது என்று வேலை அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினான். நாய் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னாலேயே ஓடி வந்தது. பாதி வழியில் நிறுத்தி மடியில் ஏற்றிக்கொண்டான். அந்த ஃபேக்டரியிலிருந்து அவன் கொண்டுவந்த ஒரே உருப்படி அதுதான்.

ஃபேக்டரியில் அவனுக்குச் சரக்கைச் சோதித்துக் குறையுள்ளதைத் தள்ளும் வேலை. அந்தப் புத்தி போகவில்லை. கார்ப்பெட்டைக் கத்தரிக்கோலால் மூன்று துண்டாக்கினான்.

முதல் மெஷின் நுரை கக்கியது. தேய்த்து முடித்தபோது துண்டு சோப்பில் குளித்த நாய் போல் மணத்தது. இரண்டாவது ஆவி அடித்தது. ஆவி பட்டதும் நாற்றம் எழுந்து நின்றது. பக்கத்துக் கடையில் ரொட்டி தின்றுகொண்டிருந்த ஆள் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். மூன்றாவது மஞ்சள் நிறத்தில் எண்ணெய்ப் பீப்பாய் மாதிரி இருந்தது. மேல் தொட்டியில் நல்ல தண்ணீர், கீழ்த் தொட்டியில் உறிஞ்சிய அழுக்குத் தண்ணீர். இரண்டிலும் லிட்டர் கோடு. சத்தம் மேடேறுகிற பஸ்.

ஒவ்வொரு துண்டின் மேலும் ஒரு காய்ந்த கைக்குட்டையை விரித்து, ஏறி நின்று பார்த்தான். முதல் இரண்டிலும் கைக்குட்டை தொப்பலாக நனைந்தது. மூன்றாவதில் ஈரம் பட்டும் படாமலும் இருந்தது, நாற்றமும் இல்லை.

"இதான்" என்றான்.

"இந்தச் சத்தத்துக்கு நாய் ஓடிப்போயிரும் தம்பி."

"அது ஃபேக்டரி வாசல்ல தூங்கின நாய்ண்ணே."

மறுநாள் காலை நாற்காலிகளை வெளியே தூக்கிப் போட்டார்கள். கோப்பி புதன்கிழமையிலிருந்து சமையலறைக்குப் பின்னால் கட்டிக் கிடந்தது. ஹாலுக்குள் விடவே இல்லை.

நடு ஹாலில் ஐந்து லிட்டர் ஊற்றி இழுத்தான். கீழ்த் தொட்டியில் நான்கரை வந்தது. தண்ணீர் கறுப்பாக இருந்தது, கணக்கு சரியாக இருந்தது. பிறகு நாற்றம் பிடித்த இடத்துக்கு வந்தான். படுக்கையறைச் சுவரை ஒட்டி, டிவி பெட்டி இருந்த மூலை. இரண்டு லிட்டர் ஊற்றினான். நான்கு வந்தது.

மறுபடி இரண்டு ஊற்றினான். மறுபடி நான்கு.

"என்னங்க, மெஷின் கெட்டுப்போச்சா?" என்றாள் நவமணி.

தொட்டியைத் திறந்து கோட்டைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். பிறகு மெஷினை நிறுத்திவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"நாலு மணி வரைக்கும் இப்படியே உக்காரப் போறீங்களா?"

"ஆமா."

நான்கு மணிக்கு விநாசித்தம்பி வந்தார். தண்ணீர் இலாகாவில் முப்பது வருஷம் மீட்டர் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். வாசலிலேயே மூக்கைத் தூக்கினார்.

"மணக்குதே, தம்பி. நாய் இன்னும் இங்கதான் நிக்குதோ?"

"பின்னால கட்டிக் கிடக்குங்கய்யா, அஞ்சு நாளா. ஒரு நிமிஷம் இதைப் பாருங்க. தண்ணிய நீங்களே ஊத்துங்க. ரெண்டு லிட்டர்."

"என்னத்துக்கு?"

"சும்மா ஊத்துங்கய்யா."

விநாசித்தம்பி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கோடு பார்த்து, சொட்டுக் கூடாமல் ஊற்றினார். தங்கராஜு மூலையில் இழுத்தான். அவரே குனிந்து கீழ்த் தொட்டியைப் பார்த்தார். மூன்றரை.

"திரும்ப ஊத்துறன்" என்றார். திரும்பவும் மூன்றரை.

நவமணி வாயைப் பொத்திக்கொண்டாள். விநாசித்தம்பி சுவரண்டை முட்டி போட்டு, அடியில் விரலை வைத்து அழுத்தினார். சுண்ணாம்பு பிட்டு மாதிரி உதிர்ந்தது. உள்ளே சொத சொதவென்று ஈரம். சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கையறை. தங்கராஜு இரவு ஷிஃப்டில் இருந்தபோது பகலில் தூங்க முடியவில்லை என்று கேட்டு, போன வருஷம் அவர் அங்கே போட்டுக் கொடுத்த குளிர்சாதனம், ஏர்கோன். அது கக்கும் தண்ணீருக்கான குழாய் சுவருக்குள்ளே இறங்குகிறது.

"ஆர் இந்த ஏர்கோனைப் பூட்டினது?" என்றார் அவர்.

"நீங்க கூட்டியாந்த ஆளுதான்யா."

"அவன் மடையன்."

அதற்கு மேல் அவர் வருத்தம் தெரிவிக்கவில்லை. நாளைக்குக் குழாய்க்கு ஆள் அனுப்புவதாகவும் அதுவரை ஏர்கோன் போட வேண்டாம் என்றும் சொன்னார். படியிறங்கும்போது திரும்பி, "அந்த நாய்க்கு என்ன பேர்?" என்றார்.

"கோப்பிங்கய்யா."

"ம். அவிழ்த்து விடு. பாவம்."

அவர் கார் தெருமுனை திரும்பும் வரை தங்கராஜு வாசலில் நின்றான். ஒரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எப்போது இறங்கியது என்று தெரியவில்லை.

நவமணி பின்னால் போய்க் கயிற்றை அவிழ்த்தாள். கோப்பி நேராக ஹாலுக்குள் பாய்ந்து, நான்கு சேற்றுக் காலோடு, சுத்தம் செய்த நடுவிடத்தில் புரண்டு, உடம்பை உதறியது. பழுப்பு முடி பறந்தது.

"வெளங்கிரும்" என்றாள் நவமணி. "குத்தம் சுவரு மேல. சும்மா கெடந்த நாய்க்காக மெஷின் வாங்கியாச்சு. கடைக்காரரும் திரும்ப வாங்க மாட்டாரு. இத வச்சு என்ன செய்யுறதாம்?"

தங்கராஜு சேற்றுத் தடங்களைப் பார்த்தான். மேல் தொட்டியில் தண்ணீர் ஊற்றி மெஷினைப் போட்டான். அந்தச் சத்தத்தில் நாய் தலையைக் கூடத் தூக்கவில்லை. அதைச் சுற்றிச் சுற்றி மெஷினை இழுத்துக்கொண்டு போனான்.