வலி விட்டிருந்த நாட்கள்

லிஃப்ட் மெக்கானிக் பகல் பதினோரு மணிக்கு வீடு திரும்பியது அதுதான் முதல் தடவை. வேலைக்குப் போன கட்டடத்தில் கரண்ட் இல்லை. நாளை மறுநாள் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று மாடி ஏறி வந்து பார்த்தால் கதவு சும்மா சாத்தியிருந்தது. கட்டிலில் மனைவி இல்லை. குளியலறையில் விழுந்து கிடக்கிறாளோ என்று பதறி ஓடினான். அங்கேயும் இல்லை. அப்போதுதான் தலைக்கு மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது.

மொட்டை மாடியில் அவள் நுனிக்காலில் எம்பி நின்று கொடியில் போர்வைக்குக் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டாம் மாடித் தையல்காரம்மா. அந்தம்மா யாரையோ போல நடந்து காட்ட, இவள் இடுப்பில் கைவைத்துக் குலுங்கிச் சிரித்தாள்.

அந்த இடுப்பில் கிளம்பிக் கணுக்கால்வரை நெருப்பாய் இறங்கும் நரம்பு வலிக்காகத்தான் இரண்டு வருடமாக அவன் விடியுமுன் எழுந்து சமைத்தான், துவைத்தான், தைலம் தேய்த்தான். வெளியூர் சூப்பர்வைசர் வேலை தேடி வந்தபோது வேண்டாமென்று எழுதிக் கொடுத்தான். மாதம் இரண்டு தடவை அவளை உப்புமூட்டையாகத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கினான். "ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டுறவரு, வீட்டுக்கு அவரே லிஃப்டு" என்று தையல்காரம்மா கேலி செய்வாள். அவனும் சிரித்துக்கொண்டேதான் இறங்குவான்.

இரண்டு மாதத்துக்கு முன் வேலையில் அவன் முதுகே பிடித்துக்கொண்டது. இனி எடை தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவளிடம் மூச்சுவிடவில்லை. மாத்திரையை வேலைப் பைக்குள் ஸ்பேனர்களுக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

அவனைப் பார்த்ததும் தையல்காரம்மாதான் முதலில் சுதாரித்தாள்.

"ஐயையோ, அடுப்புல பால வெச்சுட்டு வந்துட்டேனே!"

பதினோரு மணிக்கு என்ன பாலோ, படியில் செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கிப் போயிற்று.

"எத்தனை நாளா?" என்றான்.

"எல்லா நாளும் இல்லீங்க. வாரத்துல ஒரு நாள், மிஞ்சிப் போனா ரெண்டு. எந்திரிக்கும்போதே தெரிஞ்சிடும், இன்னிக்கு வலி விட்டிருக்குன்னு."

"அந்தம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

அவள் ஈரப் போர்வையின் ஓரத்தைப் பிழிந்தாள். ஏற்கெனவே பிழிந்ததுதான்.

"உங்ககிட்டயும் ஒரு தடவை சொன்னேன். அன்னிக்கே உங்க அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நாலு மணி நேரம் உக்கார வெச்சீங்க. அப்புறம் பத்து நாள் எந்திரிக்க முடியாம கெடந்தேன். உங்க அக்கா வந்து, 'நல்லாத்தானே சிரிச்சுப் பேசுனா, இப்ப என்ன நடிப்பு'ன்னு கேட்டாங்க. நீங்க பக்கத்துலதான் நின்னீங்க. வாயத் தொறக்கல."

அவனுக்கு ஞாபகம் இருந்தது. அன்று ஏதோ சொல்ல வாயெடுத்தான். அக்காவிடம் எதற்கு வம்பு என்று விட்டுவிட்டான். விட்டுவிட்டோம் என்பதையே மறந்தும் போயிருந்தான். ஆனால் இப்போது அவன் நெஞ்சில் முள்ளாய் நின்றது வேறொன்று.

"போன தடவை உன்னத் தூக்கிட்டு இறங்குனேனே. அன்னிக்கு வலி இருந்துச்சா?"

அவள் கொடியில் இன்னொரு கிளிப்பை மாட்டினாள்.

"நெஜத்தச் சொல்லு."

"விட்டிருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு முதுகுல ஏறுன?"

"நான் நடந்து இறங்குனா ஒவ்வொரு மாடியிலும் பாப்பாங்க. மறுநாள் வலிக்குதுன்னா யாரு நம்புவா?" குரல் இறங்கிப் போனது. "அதோட, நான் வாசலுக்கு வர்றதுக்குள்ள நீங்க குனிஞ்சு நின்னுட்டீங்க."

அன்று பாதிப் படியில் கண் இருட்டி, பல்லைக் கடித்துச் சமாளித்தது நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லி அவளை அழவைத்துவிடலாம் போலிருந்தது. சொல்லவில்லை. திரும்பி இறங்கி வந்து, காலையில் தானே கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை மறுபடி எடுத்துக் கழுவினான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகிற முறை. அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்தாள்.

"இன்னிக்கு விடல. காலையிலேருந்து இறங்குது."

அவன் குனியவில்லை. "என்னால தூக்க முடியாது."

"நேத்து கோவமா?"

"முதுகு. டாக்டர் தூக்கக் கூடாதுன்னுட்டாரு. ரெண்டு மாசமாச்சு."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். மெதுவாக, ஒரு சாமானைக் கடையில் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல.

"போன தடவை தூக்குனீங்களே" என்றாள்.

மாத்திரை அட்டையை எடுத்துவந்து காட்டலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கட்டின மனைவிக்கு வலியை நிரூபிக்க வேண்டுமா என்று வாயை மூடிக்கொண்டான்.

அவள் கைப்பிடிக் கம்பியைப் பற்றி ஒரு காலை இறக்கினாள். பிறகு மறு காலை. அவன் இரண்டு படி பின்னால் வந்தான். பதினோராவது படியில் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது. அந்த முகத்தை ஒரு தடவை பார்த்தாலே இன்றைக்கு வலி எவ்வளவு என்று சொல்லிவிடுகிறவன் அவன். இப்போது உற்று உற்றுப் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை. அவன் கை தானாக முதுகைத் தாங்கிக்கொண்டது.

கீழேயிருந்து இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு ஏறி வந்த எதிர்வீட்டுக்காரர், யாருக்கு வழி விடுவது, யாரைப் பிடிப்பது என்று புரியாமல், இருவரையும் மாறி மாறிப் பார்த்தபடி சுவரோரம் ஒதுங்கி நின்றார்.