பிரிண்டருக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜைக்குக் காவேரி சந்தனத்தைக் கொஞ்சம் கெட்டியாகவே குழைத்திருந்தாள். அரிவாள்மனை, மிக்ஸி, மாமனாரின் ஸ்கூட்டர், மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்த தன் தையல் மெஷின் என்று ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவள், ஜன்னல் பக்கம் வந்ததும் நின்றாள். போன மாதம் வரைக்கும் அது அவளுடைய இடம். மைசூர் விஜயநகரில் இருந்த அந்த வீட்டில் காலை வெளிச்சம் நேராக விழுவது அங்கே மட்டும்தான். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுகிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். இப்போது அங்கே ஒரு மேசை, மேசையில் ஓரகத்தி மனிஷாவின் லேப்டாப், அதற்கு எதிரே பிரிண்டர். இரண்டும் புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் போல ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

மனிஷாவுக்குப் பெங்களூர்க் கம்பெனியில் வேலை. கல்யாணமாகி மைசூருக்கு வந்தபின் வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே செய்யலாம் என்று கொடுத்தனுப்பிய சாமான்கள் இவை. கொழுந்தன் கிரண்தான் எல்லாவற்றையும் பொருத்தினான். நடுவில் வயரே கிடையாது.

"டிவி ரிமோட் மாதிரிதான் அண்ணி. பிரிண்டர் முன்னாடி கருஞ்சிவப்பா ஒரு பிளாஸ்டிக் இருக்குல்ல, அதுதான் இதோட கண்ணு. லேப்டாப்லயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. ரெண்டு கண்ணும் பாத்துக்கிட்டே இருக்கணும்" என்று சொல்லிப் பிரிண்டரின் கண்ணை உள்ளங்கையால் மறைத்தான். ஓடிக்கொண்டிருந்த காகிதம் பாதியில் நின்றது. கையை எடுத்ததும் மறுபடி ஓடியது.

அன்றிலிருந்து மாமனார் மாணிக்கவாசகத்துக்குத் தலைகால் புரியவில்லை. பால்காரரைக்கூட உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். தெருவில் பாதிப் பெண்கள் போட்டிருப்பது காவேரி தைத்த ஜாக்கெட். ஆனால் அவள் மெஷின் பக்கம் அவர் திரும்பியதெல்லாம், "செய்தி வருது, கொஞ்சம் நிறுத்தும்மா" என்று சொல்வதற்குத்தான். காவேரிக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறு நல்ல பெயர் வைத்து அதை மூட வேண்டியதில்லை. இதில் மனிஷா வேறு "அக்கா, அக்கா" என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டே சுற்றினாள். கோபப்படுவதற்கு ஒரு காரணம்கூடத் தராத ஓரகத்தியை என்னதான் செய்வது?

லேப்டாப் மூடியில் ஒரு பொட்டு வைத்தாள். பிரிண்டரின் தலையில் ஒன்று. அப்புறம் அந்தக் கருஞ்சிவப்புப் பிளாஸ்டிக்கில் பட்டையாகச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்தாள். தெரிந்துதான் வைத்தாள் என்று சொன்னால் பாவம். தெரியாமல் வைத்தாள் என்று சொன்னால் பொய்.

மத்தியானம் மாணிக்கவாசகம் தன் பென்ஷன் சிநேகிதர் மல்லப்பனையும் அவர் மனைவி மாதேவியையும் பிரிண்டரைக் காட்டக் கூட்டி வந்தார்.

"இன்னிக்கு மெஷினத் தொடக்கூடாதுங்களே மாமா" என்றாள் காவேரி.

"அதெல்லாம் தையல் மெஷினுக்கும்மா. இது ஆபீஸ் சாமான்."

மனிஷா லேப்டாப்பைத் திறந்தாள். "ஒண்ணு ரெடியா வெச்சிருக்கேன் மாவா. வந்தப்புறம் எல்லாரும் பாருங்க" என்று மாமனாரிடம் கன்னடம் கலந்த தன் தமிழில் சொன்னாள்.

ஒன்றும் வரவில்லை. மனிஷா குறுக்கே இருந்த தண்ணீர்ச் செம்பை நகர்த்தினாள். பிரிண்டரை அணைத்துப் போட்டாள். மேசையை ஆட்டிப் பார்த்தாள். எல்லாப் பொருளிலும் பொட்டு இருக்கும் நாளில் ஒரு பொட்டு யார் கண்ணில் படும்? "நேத்துகூட ஸ்வல்ப நேரத்துலயே வந்துச்சே... அக்கா, நீங்களும் பாத்தீங்கல்ல?" என்றாள். காவேரி பொரிகடலைத் தட்டை மாதேவியின் பக்கம் தள்ளினாள்.

"ஹோகலி பிடி, மாணிக்கம்" என்று மல்லப்பன் சிரித்துக்கொண்டே எழுந்தார். போகட்டும் விடு என்ற அந்தச் சிரிப்புதான் மாணிக்கவாசகத்தைச் சுட்டுவிட்டது. அவர்களைக் கேட் வரை கொண்டுபோய் விட்டு வந்தவர், மனிஷாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"நாளைக்கே இதக் கட்டிக் கம்பெனிக்கு அனுப்பிடு. காவேரி மெஷின் பழைய எடத்துக்கே வரட்டும்."

மனிஷா தலையாட்டிவிட்டு, முகம் கழுவப் பின்பக்கம் போனாள். மாமனார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கேட்காமலே கிடைத்துவிட்டது. காவேரி ஜன்னலோரம் தனியாக நின்றாள். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. பிரிண்டர் ஓடாமல் போனது தன் கைவேலைதானா என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டு, முந்தானை நுனியால் அந்தச் சந்தனத்தை வழித்துத் துடைத்தாள்.

பிரிண்டரில் பச்சை விளக்கு எரிந்தது. எதையோ தேடுவதுபோல உள்ளே கரகரத்துவிட்டுக் காகிதத்தை இழுத்தது. மத்தியானம் மனிஷா ரெடியாக வைத்திருந்தது இதுதான். முதலில் பெரிய ஆங்கில எழுத்தில் காவேரியின் பெயர் வந்தது. அடுத்த வரியில் லேடீஸ் டெய்லர் என்று. அதற்குக் கீழே ஒரு தையல் மெஷினின் தலையும் சக்கரத்தின் மேல் வளைவும் கோடு கோடாக வரத் தொடங்கின. யோசிப்பதற்கு முன்பே அவள் உள்ளங்கை அந்தக் கண்ணை மூடிவிட்டது.

காகிதம் பாதியில் நின்றது. பின்பக்கம் குழாய்ச் சத்தமும் நின்றது.

"அக்கா, ஏதோ ஓடுற மாதிரி கேட்டுச்சே?"

காவேரி கையை எடுக்கவில்லை. முந்தானையில் சந்தனமும் குங்குமமும் சேர்ந்து ஈரமாக அப்பியிருந்தன. வாசல் காற்றில் அந்தக் காகிதம், பாதிச் சக்கரத்தோடு, அவள் மணிக்கட்டை மெல்லத் தொட்டுத் தொட்டு ஆடியது.