தெற்கே போன அடித்தண்ணி

கடலில் வள்ளம் கவிழ்ந்த ஒன்பதாம் நாள் காலையில், வடக்கே மல்லிப்பட்டினத்துப் பக்கம் தேடப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஒரு துடுப்பையும் ஒரு துண்டையும் செவந்தியின் வாசலில் வைத்தார்கள். இரண்டும் அவள் புருஷன் நாகராசுவுடையவைதான். துடுப்பின் பிடியில் அவன் சுற்றிய நூல்கயிறுகூட அவிழாமல் இருந்தது.

"அதிராம்பட்டினம் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வாரோம். எலங்கைப் படகுக்காரன் எவனாச்சும் தூக்கியிருந்தாலும் தூக்கியிருப்பான். மனசத் தளர விடாத" என்றார் நாகராசுவின் அண்ணன் குழந்தைசாமி.

செவந்தி தலையாட்டினாள். எட்டு நாளாக அவள் உயிர் வாழ்ந்ததே அந்த இலங்கைப் படகில்தான். முகம் தெரியாத ஏதோ ஒரு கரையில், யாரோ கொடுத்த தொளதொளச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் உட்கார்ந்திருப்பான். கடுதாசி எழுத அவனுக்குத் தெரியாது. யாரிடமாவது சொல்லித்தான் எழுத வேண்டும். அந்நியன் முன்னால் பெண்டாட்டி பேரைச் சொல்லக் கூச்சப்பட்டு, 'வீட்டுக்கு' என்று மட்டும் எழுதச் சொல்வான். இதை நினைத்தபோது அந்தத் துக்கத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மத்தியானம் கை சும்மா இருக்க முடியாமல், பக்கத்து வீட்டுக்காரர்கள் சிக்குப் பிரிக்கக் கொடுத்திருந்த வலையை எடுத்து மடியில் போட்டாள். ஆடி மாத வலை. மேலே மிதவைக் கயிறு ஒரு பக்கம் இழுத்திருந்தது. கீழே ஈயக்குண்டுகள் கோத்த கயிறு எதிர்ப்பக்கமாக முறுக்கிக்கொண்டு கிடந்தது. கட்டுமாவடிக் கரையில் வலை பிரிக்கும் பெண்கள் எல்லாருக்கும் இந்தச் சிக்கு தெரியும். ஆடிக் காற்று மேல் தண்ணீரை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். தள்ளப்பட்ட தண்ணீர் எங்காவது போயாக வேண்டுமே! அது அமிழ்ந்து, அடியோடு அடியாகத் தெற்கே திரும்பி ஓடும். ஒரே கடல்தான், ஒரே நேரந்தான், ஓட்டம் மட்டும் இரண்டு.

அவள் விரல்கள் நின்றன. துடுப்பு மரம். துண்டு துணி. இரண்டும் மிதக்கிறவை. வலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

நாகராசுவோடு கடலுக்குப் போய்த் தனியாகத் திரும்பியவன் மரியசெல்வம். இருபத்திரண்டு வயசு. கவிழ்ந்த வள்ளத்தைக் கட்டிப்பிடித்து மிதந்ததில் இரண்டு கைகளிலும் தோல் உரிந்து, தைலம் தடவிக்கொண்டு வீட்டு நிழலில் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"தம்பி, ஒண்ணு கேக்குறேன், ஒளிக்காமச் சொல்லு. அவரு தண்ணிக்கு மேல போனாரா, கீழ போனாரா?"

"துடுப்பப் புடிச்சிருந்தாருன்னு அன்னைக்கே சொன்னேனே, மதினி..."

"துடுப்பு வந்துருச்சுப்பா. நான் ஆளக் கேக்குறேன்."

அவன் முகம் கோணியது.

"வல அடியில பாறையில மாட்டிக்கிச்சு. எறங்க வேண்டிய மொற என்னுதுதான். 'ஒனக்குச் சளி பிடிச்சிருக்கு, இருடா'ன்னுட்டு அண்ணன் குதிச்சாரு. அந்நேரம் காத்து அடிச்சு வள்ளம் கவுந்துச்சு. நான் கூப்பிட்டுக்கிட்டே கெடந்தேன். அவரு வரவே இல்ல." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "கரையில என்னப் பாத்ததும், 'இருக்காரா'ன்னுதான் கேட்டீங்க. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல, மதினி."

செவந்தி அவனைத் திட்டவில்லை. அங்கேயே மணலில் உட்கார்ந்தாள். வடக்கே பார்த்தாள். அங்கிட்டு அவன் தொளதொளச் சட்டையோடு உயிரோடு இருந்தான். அங்கிட்டே பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் பத்து வருஷம்கூட இருப்பான். ஆனால் தெற்கே எங்கேயோ ஒருத்தன், ஊர் பேர் தெரியாமல், தேடிவர ஆளில்லாமல் கிடக்கிறான். அவனும் நாகராசுதானே.

"எந்திரி. தெக்கே போவோம்" என்றாள்.

மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம் என்று கரையோடு கரையாக, ஊர் ஊராக விசாரித்துக்கொண்டு நடந்தார்கள். இரண்டாம் நாள் கோட்டைப்பட்டினத்தில் மீன் உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண், அவள் கேட்டு முடிக்குமுன்பே கூடையைக் கீழே வைத்தாள். ஹவ்வா உம்மாள் என்று பேர். வீட்டுக்குள் போய், ஒரு தகர டப்பாவிலிருந்து கயிறு ஒன்றை எடுத்து வந்தாள். வலை நூலை மூன்று புரியாக முறுக்கிய அரைஞாண் கயிறு.

"யாராச்சும் வருவாகன்னு எடுத்து வச்சேன். கிராம முன்சீப்பு வந்து பாத்து எழுதிக்கிட்டாரு. எந்த ஊரு புள்ளையோ, எந்த வேதமோ, எங்களுக்கு ஒண்ணும் தெரியல. எங்க வீட்டு ஆளுகதான் குளிப்பாட்டி, புதுத்துணி சுத்தி அடக்குனாக."

போன பொங்கலுக்கு அந்தக் கயிற்றைத் தொடையில் வைத்துத் திரித்தது செவந்திதான். கையில் வாங்கி மூடிக்கொண்டாள். அழுகை வரவில்லை.

"இங்கிட்டு எப்பம்மா வந்தாரு?"

"நாலாம் நாளு, விடியக்காலம். மொகம் தெக்கால பாத்துக் கெடந்துச்சு."

அடக்கிய இடத்தைக் காட்டியதும் மரியசெல்வம் அந்த மண்மேட்டின் பக்கத்தில் குப்புற விழுந்து அழுதான். ஹவ்வா உம்மாள் அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். செவந்தி கொஞ்ச நேரம் மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கடலை நோக்கி நடந்தாள். முழங்கால் வரை இறங்கி நின்றாள். காற்று விடாமல் அடித்தது. நுரையெல்லாம் வடக்கே ஓடிக்கொண்டிருந்தது. அவள் சேலையின் கரையையும் தண்ணீர் வடக்கே இழுத்தது. உள்ளங்காலுக்கு அடியில் மட்டும் மணல் பிடி பிடியாகக் கழன்று தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது. காலை மாற்றி வைக்காமல் அவள் அப்படியே நின்றாள்.